வைத்தியச் செலவும் சங்கத்தின் கடமையும்

அங்கத்தினர் ஒருவர் தாம் வாங்கிய கடனைத் தவணைப்படி செலுத்தவில்லையென்றால், காரணம் என்ன என்று நிர்வாகக் குழு விசாரிப்பது வழக்கம். விசாரித்தால் கிடைக்கும் விடைகள் நாம் அறிந்தவையே. மழை பொய்த்தது, விளைபொருளின் விலை சரிந்தது, நூல் கிடைக்காமல் தறி நின்றது, வீட்டில் கலியாணம் வந்தது. இவற்றோடு இன்னொரு விடையும் எந்தச் சங்கத்துக்குச் சென்றாலும் காதில் விழுகிறது: "வீட்டில் ஒருவரை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம்."

மழை பொய்த்தால் ஊருக்கே பொய்க்கிறது. அப்போது ஊரார் கூடிப் பேசுகிறார்கள், மனுச் செய்கிறார்கள், கடனை ஒத்திவைக்கக் கோருகிறார்கள். நோயோ ஒரு வீட்டுக்குள் மட்டும் நுழைகிறது. அந்த வீடு தன்னந்தனியே அதனை எதிர்கொள்கிறது. நெசவாளர் படுத்துவிட்டால் தறி நிற்கும். அவருக்குத் துணையாக மனைவி ஆஸ்பத்திரிக்குப் போனால் நூல் சுற்றுவதும் நிற்கும். செலவு தொடங்கும் நாளும் வருமானம் நிற்கும் நாளும் ஒன்றாகவே அமைவதுதான் இத்துன்பத்தின் தனித்தன்மை.

மத்திய அரசின் தேசிய சுகாதாரக் கணக்கின்படி, 2013-14ஆம் ஆண்டில் நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் நூற்றுக்கு 64 ரூபாய் மக்கள் தம் கையிலிருந்து நேராகச் செலுத்தியதாக இருந்தது. 2021-22இல் அது 39 ரூபாயாகக் குறைந்தது. இது நல்ல மாற்றமே. ஆயினும் கைப்பணமே இல்லாதவனுக்கு அந்த 39 ரூபாயும் கடன்தான். அவனுக்கு அவசரத்தில் கிடைக்கும் கடன் பெரும்பாலும் கந்துவட்டிக் கடன்தான்.

இச்சுமையைக் குறைக்க அரசுத் திட்டங்கள் உள்ளன; இன்ஷூரன்ஸ் என்று நாம் வழங்கும் காப்பீட்டுப் பத்திரங்களும் உள்ளன. இருந்தும், "கட்டிய பணம் வீணாயிற்று, கேட்டபோது கை விரித்துவிட்டார்கள்" என்ற மனக்குறை பலரிடம் இருக்கிறது. இம்மனக்குறை எங்கே பிறக்கிறது, அதனைத் தவிர்க்க அங்கத்தினரும் சங்கமும் செய்ய வேண்டுவன யாவை என்பதே இப்பாடத்தின் பொருள்.

பலர் கூடிச் சுமத்தல்

காப்பீடு என்பது வியாபாரிகள் கண்டுபிடித்த புதுமையன்று. அதன் வேர் கூட்டுறவிலேயே இருக்கிறது. நூறு வீடுகளில் இவ்வாண்டு எந்த வீட்டில் நோய் வரும் என்று எவராலும் சொல்ல இயலாது. ஏதோ சில வீடுகளில் வரும் என்பது மட்டும் உறுதி. ஆகவே நூறு வீட்டாரும் சிறு தொகை செலுத்தி, வந்த வீட்டின் செலவை எல்லோருமாகத் தாங்கிக் கொள்வதே காப்பீட்டின் தத்துவம்.

வேல்ஸ் நாட்டில் டிரெடிகர் என்னும் சுரங்க ஊரில், 1890ஆம் ஆண்டில் தொழிலாளர்கள் ஒரு வைத்திய உதவிச் சங்கம் கண்டனர். கூலியில் பவுனுக்கு மூன்று பென்ஸ், அதாவது எண்பதில் ஒரு பங்கு, அச்சங்கத்துக்குப் பிடிக்கப்பட்டது. அந்தத் தொகையைக் கொண்டு டாக்டர்களை அமர்த்தி, குடும்பங்களுக்கு வைத்தியம் அளித்தனர். அவ்வூரில் பிறந்து அச்சங்கத்தின் பணியில் பங்கு கொண்ட அனூரின் பெவன், பின்னர் பிரிட்டனின் சுகாதார அமைச்சரானார். 1948 ஜூலை 5ஆம் நாள் அந்நாட்டு மக்கள் அனைவருக்குமான தேசிய சுகாதாரச் சேவையைத் தொடங்கி வைத்தவர் அவரே.

நம் மாநிலத்திலும் முன்னோடிகள் உண்டு. டாக்டர் கே. எஸ். சஞ்சீவி 1958இல் சென்னையில் நிறுவிய தன்னார்வச் சுகாதாரச் சேவை என்னும் அமைப்பு, குடும்பங்கள் தத்தம் வருமானத்துக்கேற்ப ஆண்டுச் சந்தா செலுத்தி வைத்தியம் பெறும் திட்டத்தை நடத்தியது. நீலகிரி மாவட்டம் கூடலூரில் பழங்குடி மக்களின் அமைப்பு 1992 முதல் தன் மக்களை ஒரே குழுவாகக் காப்பீடு செய்தது.

கூட்டுறவாளர்கள் மிகவும் கருத்தூன்றிப் படிக்க வேண்டியது கர்நாடகத்தின் யஷஸ்வினி திட்டம். கூட்டுறவுச் சங்க அங்கத்தினரான விவசாயிகளுக்காக 2003இல் அது நடைமுறைக்கு வந்தது. தொடக்கத்தில் தலைக்கு ஆண்டுச் சந்தா 60 ரூபாய். முதலாண்டிலேயே ஏறத்தாழ 16 லட்சம் பேர் சேர்ந்தனர். இது எவ்வாறு இயன்றது? சந்தா வசூலிக்கப் புதிய கட்டடமும் புதிய சிப்பந்திகளும் வேண்டியிருக்கவில்லை. அங்கத்தினர் பதிவேடு ஏற்கெனவே சங்கத்தில் இருந்தது. அங்கத்தினரை முகமறிந்த செயலாளரும் இருந்தார். மேலும், அரிதாக வருவதும் வந்தால் வீட்டையே சாய்ப்பதுமான அறுவைச் சிகிச்சைகளையே முதன்மையாக எடுத்துக் கொண்டதால் சந்தா சிறிதாயிற்று. 2018இல் அது மாநிலத்தின் பொதுத் திட்டத்தோடு இணைக்கப்பட்டு நின்றது; 2022-23இல் மீண்டும் உயிர் பெற்றது.

நமக்குள்ள அரசுத் திட்டம்

தமிழ்நாட்டில் உயிர் காக்கும் சிகிச்சைக்கான காப்பீட்டுத் திட்டம் 2009இல் தொடங்கியது. 2012 ஜனவரி 11 முதல் அதன் இடத்தில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் வந்தது. 2018இல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரதத் திட்டத்தோடு இது ஒருங்கிணைந்தபின், ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை என்ற நிலை ஏற்பட்டது. குடும்ப ஆண்டு வருமான வரம்பு தொடக்கத்தில் 72,000 ரூபாயாக இருந்தது. 2022 ஜனவரியில் திட்டம் மேலும் ஐந்தாண்டுகளுக்கு நீட்டிக்கப்பட்டபோது அது 1,20,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. பயனாளி பிரீமியம் செலுத்த வேண்டியதில்லை.

இத்திட்டத்தைப் பற்றி இரண்டு செய்திகளை அங்கத்தினர்கள் மனத்தில் இருத்த வேண்டும். முதலாவது, எல்லா ஆஸ்பத்திரியும் இதில் சேர்ந்ததன்று. எல்லாச் சிகிச்சையும் இதில் அடங்கியதன்று. பட்டியலில் உள்ள ஆஸ்பத்திரியில், பட்டியலில் உள்ள சிகிச்சைக்கே இது பயன்படும். இரண்டாவது, குடும்ப அட்டையில் பெயர் இருப்பதாலேயே காப்பீட்டு அட்டை கிடைத்துவிடாது. வருமானச் சான்றும் குடும்ப அட்டையும் கொண்டு, மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலுள்ள பதிவு மையத்தில் பதிந்து கொள்ள வேண்டும். மார்வலி வந்த இரவில் இப்பதிவைச் செய்ய இயலாது.

கைத்தறி நெசவாளர்களுக்கென்றே மத்திய அரசு 2005-06இல் ஒரு சுகாதாரக் காப்பீட்டுத் திட்டம் கொண்டு வந்தது. குடும்பத்துக்கு 15,000 ரூபாய். அதில் 7,500 ரூபாய் புறநோயாளிச் செலவுக்கு. அத்திட்டம் இப்போது இல்லை. ஆனால் பழைய அட்டையைப் பெட்டியில் பத்திரமாக வைத்துக்கொண்டு, தமக்குக் காப்பு உண்டென்று நம்பியிருக்கும் முதியவர்கள் இருக்கக்கூடும். அவர்களுக்கு உண்மையை எடுத்துச் சொல்வது சங்கத்தின் கடமை.

ஏமாற்றம் பிறக்கும் மூன்று இடங்கள்

தனியார் அல்லது பொதுத்துறைக் கம்பெனிகளிடம் பிரீமியம் கட்டிப் பாலிசி எடுத்தவர்களின் குறைகளை ஆராய்ந்தால், அவை பெரும்பாலும் மூன்று இடங்களில் பிறப்பதைக் காணலாம்.

முதல் இடம், விண்ணப்பப் படிவம். சர்க்கரை நோயோ இரத்தக் கொதிப்போ இருப்பதை எழுதினால் பிரீமியம் கூடும், அல்லது பாலிசியே கிடைக்காது என்று அஞ்சி மறைப்பவர் உண்டு. "அதையெல்லாம் எழுத வேண்டாம், நான் பார்த்துக் கொள்கிறேன்" என்று சொல்லும் முகவரும் உண்டு. பின்னர் ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்கும்போது, உயிருக்கு அஞ்சிய மனிதர் உண்மையைச் சொல்கிறார். "பத்தாண்டுகளாகச் சர்க்கரை நோய்" என்று அங்கே பதிவாகிறது. இரண்டு தாள்களையும் ஒப்பிட்டுப் பார்க்கும் கம்பெனி பணம் தர மறுக்கிறது. அந்நேரம் முகவர் அருகில் இருப்பதில்லை. கையெழுத்து அங்கத்தினருடையதாகவே இருக்கிறது. ஆகவே, படிவத்தைத் தாமே படித்து, அல்லது நம்பத் தகுந்தவரைக் கொண்டு படிக்கச் செய்து, உள்ளதை உள்ளபடி எழுதுவதே பாதுகாப்பு. பாலிசி இடைவிடாமல் 60 மாதங்கள் நடந்துவிட்டால், மோசடி நிரூபிக்கப்பட்டாலன்றி, நோயை மறைத்தார் என்று சொல்லிக் கம்பெனி மறுக்க முடியாது என்பது 2024இல் வந்த விதி. ஒரே ஒரு புதுப்பித்தலைத் தவறவிட்டாலும் இவ்வுரிமை கைநழுவக்கூடும்.

இரண்டாவது இடம், காத்திருப்புக் காலம். விபத்து நீங்கலாக, முதல் 30 நாட்களில் வரும் நோய்க்குப் பொதுவாகப் பணம் கிடைப்பதில்லை. கண்புரை, குடலிறக்கம், மூலம் போன்ற சில நோய்களுக்குப் பெரும்பாலான பாலிசிகளில் இரண்டாண்டுகள் காத்திருக்க வேண்டும். முன்னரே உள்ள நோய்க்கான காத்திருப்பு மூன்றாண்டுகளுக்கு மேற்படலாகாது என்று 2024 ஏப்ரல் முதல் வரையறுக்கப்பட்டுள்ளது. நெசவாளருக்குக் கண்ணே மூலதனம். இழை மங்கலாகத் தெரியத் தொடங்கியபின் பாலிசி எடுத்து, உடனே கண்புரைச் சிகிச்சைக்குப் பணம் கேட்பது, வீடு தீப்பற்றியபின் தீக் காப்பீடு கேட்பதை ஒக்கும். அத்தகையவர்கள் அரசு ஆஸ்பத்திரியில் இலவசமாகக் கண்புரை அறுவை செய்து கொள்வதே நேர்வழி.

மூன்றாவது இடம், பாலிசியில் பொடி எழுத்தில் அச்சிட்டுள்ள வரம்புகள். இவற்றுள் அறை வாடகை வரம்பே பலரும் அறியாதது. அதனைக் கணக்கிட்டுக் காட்டினால்தான் விளங்கும்.

ஒரு கணக்கு

ஓர் அங்கத்தினரிடம் 3 லட்சம் ரூபாய் பாலிசி இருப்பதாகக் கொள்வோம். அறை வாடகை வரம்பு அத்தொகையில் நூற்றுக்கு ஒன்று, அதாவது நாளொன்றுக்கு 3,000 ரூபாய். அவர் 6,000 ரூபாய் அறையில் ஐந்து நாட்கள் தங்கி அறுவைச் சிகிச்சை பெறுகிறார். மொத்தப் பில் 1,80,000 ரூபாய்.

அறை வாடகை 30,000 ரூபாய். இதில் கிடைப்பது 15,000.

டாக்டர், அறுவைக்கூடம் முதலிய கட்டணங்கள் 80,000 ரூபாய். வரம்பைப்போல் இருமடங்கு வாடகையுள்ள அறையில் தங்கியதால் இவையும் பாதியாகக் குறைக்கப்படும். கிடைப்பது 40,000.

மருந்து, பரிசோதனை, உடலில் பொருத்தும் கருவி ஆகியவை 60,000 ரூபாய். இவற்றை அவ்வாறு குறைக்கலாகாது. கிடைப்பது 60,000.

கையுறை, பதிவுக் கட்டணம் போன்ற, பாலிசியில் அடங்காத இனங்கள் 10,000 ரூபாய். கிடைப்பது ஒன்றுமில்லை.

ஆகக் கிடைத்தது 1,15,000 ரூபாய். கைப்பொறுப்பு 65,000 ரூபாய். "மூன்று லட்சத்துக்குப் பாலிசி இருக்கிறது, பில் இரண்டு லட்சம்கூட இல்லை, பின்னும் ஏன் 65,000?" என்று அவர் கொதிக்கிறார். அறை வாடகையில் நாள்தோறும் அதிகமான 3,000 ரூபாய், ஐந்து நாட்களுக்கு 15,000 என்றே அவர் எண்ணியிருந்தார். அவ்வறையே மற்றக் கட்டணங்களில் 40,000 ரூபாயையும் இழக்கச் செய்தது என்பது அவருக்குத் தெரியாது. 3,000 ரூபாய் அறையில் தங்கியிருந்தால் கைப்பொறுப்பு 10,000 ரூபாயோடு நின்றிருக்கும். "என் பாலிசியின் வரம்புக்குள் உள்ள அறையே வேண்டும்" என்ற ஒரு வாக்கியத்தின் மதிப்பு இங்கே 55,000 ரூபாய்.

மறுக்கப்பட்டால்

ரொக்கமில்லாச் சிகிச்சைக்கான அனுமதியைக் கம்பெனி ஒரு மணி நேரத்துக்குள்ளும், வீடு திரும்புவதற்கான இறுதி அனுமதியை மூன்று மணி நேரத்துக்குள்ளும் முடிவு செய்ய வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024இல் விதித்தது. ரொக்கமில்லாச் சிகிச்சைக்கு அனுமதி கிடைக்காததாலேயே உரிமை போய்விட்டதென்று எண்ணலாகாது. பணத்தைச் செலுத்தி, எல்லா அசல் பில்களையும் டிஸ்சார்ஜ் குறிப்பையும் பரிசோதனை முடிவுகளையும் வாங்கி வைத்து, பின்னர்த் திருப்பிக் கேட்கலாம்.

கேட்டபின்னும் மறுத்தால், மறுப்பை எழுத்தில் பெற வேண்டும். பாலிசியின் எந்த விதிப்படி மறுத்தார்கள் என்பதும் அதில் இருத்தல் வேண்டும். அடுத்து, கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத வேண்டும். ஒரு மாதத்தில் விடை வராவிட்டாலோ, வந்த விடை திருப்தி தராவிட்டாலோ, ஓராண்டுக்குள் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம். தமிழ்நாட்டுக்குரிய அலுவலகம் சென்னையில் இருக்கிறது. கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டியதில்லை. அவர் தரும் தீர்ப்பு கம்பெனியைக் கட்டுப்படுத்தும். நுகர்வோர் ஆணையத்துக்குச் செல்வது மற்றொரு வழி. ஆனால் ஒரே வழக்கை ஒரே காலத்தில் இரண்டு இடங்களிலும் நடத்த இயலாது.

இவ்வளவு எளிய வழி இருந்தும் பலர் முறையிடுவதில்லை. நோயாளியைப் பராமரிப்பதா, தறியில் உட்காருவதா, கடிதம் எழுதுவதா என்ற நெருக்கடியில் கடிதமே பின்தள்ளப்படுகிறது. தனி மனிதர் தளர்ந்து நிற்கும் அந்த இடத்தில்தான் சங்கம் முன்வர வேண்டும்.

சங்கம் செய்யத் தக்கவை

ஒன்று: குடும்பப் பாதுகாப்புப் பதிவேடு. ஒவ்வோர் அங்கத்தினர் வீட்டுக்கும் ஒரு பக்கம். அதில் குடும்பத்தாரின் பெயர்கள், ஆதாரிலும் குடும்ப அட்டையிலும் உள்ளபடி. அரசுக் காப்பீட்டு அட்டை உண்டா இல்லையா. பாலிசி எண், முடியும் தேதி, அறை வாடகை வரம்பு. திட்டத்தில் சேர்ந்த அருகிலுள்ள ஆஸ்பத்திரி ஆகியவை இருக்கட்டும். அங்கத்தினரின் சம்மதம் பெற்றே எழுத வேண்டும். யாருக்கு என்ன நோய் என்பதை மட்டும் எழுதலாகாது. அது குடும்பத்தின் அந்தரங்கம். பெயர்களில் எழுத்து மாறுபட்டிருந்தால், உடல் நலமாக இருக்கும்போதே திருத்திக் கொள்ளச் செய்ய வேண்டும்.

இரண்டு: பிரீமியத்துக்கான சிக்கனச் சேமிப்பு. ஆண்டுக்கு 9,600 ரூபாய் பிரீமியம் என்றால் அதனை ஒரே நாளில் புரட்டுவது கடினம். புதுப்பித்தல் தவறுவதும் இதனாலேயே. வாரக் கூலி பட்டுவாடாவில் 200 ரூபாய் வீதம் 48 வாரங்கள் ஒதுக்கினால் தொகை தானே சேர்ந்துவிடும். விவசாயிகள் அறுவடைக் காலத்திலும், நெசவாளர்கள் தீபாவளி போனஸ் காலத்திலும் புதுப்பிக்கும் தேதி வருமாறு தொடக்கத்திலேயே பாலிசி எடுப்பது நலம். தனிநபர், குடும்பப் பாலிசிகளின்மீதிருந்த 18 சதவீத வரி 2025 செப்டம்பர் 22 முதல் நீக்கப்பட்டிருப்பது ஓர் உதவி.

மூன்று: அவசர வைத்தியக் கடன். கட்டிய பணம் திரும்பி வரும் வரையுள்ள இடைக்காலத்தில்தான் அங்கத்தினர் கந்துவட்டிக்காரரிடம் செல்கிறார். துணைவிதிகளுக்குட்பட்டு, சிறு தொகையை ஒரே நாளில் வழங்கும் ஏற்பாடு இருந்தால் தறியும் நகையும் தப்பும்.

நான்கு: மாதாந்திர மருந்து. ஆஸ்பத்திரிச் செலவு ஒருமுறை தாக்கும் இடி. மாத்திரைச் செலவு மாதந்தோறும் அரிக்கும் கறையான். காப்பீடு பெரும்பாலும் இதற்கு உதவாது. ஆரம்ப சுகாதார நிலையங்களில் மாத்திரைகள் இலவசம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் சர்க்கரை, இரத்தக் கொதிப்பு மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டு வந்தது. 2025 பிப்ரவரி 24இல் திறக்கப்பட்ட 1,000 முதல்வர் மருந்தகங்களில் ஒரு பகுதியைக் கூட்டுறவுச் சங்கங்களே ஏற்று நடத்தின. அதே மருந்தைக் குறைந்த விலைக்கு விற்பது கூட்டுறவுக்குப் புதிய பணியன்று.

ஓர் எச்சரிக்கையும் கூற வேண்டும். ஆர்வ மிகுதியால் சங்கமே சந்தா வசூலித்து, "நோய் வந்தால் இத்தனை ரூபாய் தருவோம்" என்று வாக்களித்தல் கூடாது. 1938ஆம் ஆண்டின் இன்ஷூரன்ஸ் சட்டப்படி பதிவு பெற்றவர்களே காப்பீட்டுத் தொழில் செய்யலாம். பொது நல நிதியிலிருந்து விதிகளுக்குட்பட்டு உதவுவது வேறு. காப்பீடு நடத்துவது வேறு. பதிவு பெற்ற கம்பெனியிடம் அங்கத்தினர் அனைவருக்கும் குழுப் பாலிசி பேசலாம். அதில் காத்திருப்புக் காலத்தைத் தளர்த்துமாறும் கேட்கலாம். ஆனால் நோயுற்றோர் மட்டும் சேர்ந்து, நலமாயிருப்போர் விலகி நின்றால், அடுத்த ஆண்டே பிரீமியம் ஏறிவிடும். இளைஞரும் சேர்ந்தால்தான் முதியவர் தாங்கப்படுவார்.

இறுதியாக, பதிவேட்டில் ஏறாத ஒரு செலவைப் பற்றியும் சிந்திக்க வேண்டும். செலவுக்கு அஞ்சித் தன் நோயை வெளியில் சொல்லாமல் இருப்பவர்கள் நம் வீடுகளில் இருக்கிறார்கள். அவர்கள் பெரும்பாலும் பெண்கள். கட்டி பெரிதான பிறகு, பார்வை போன பிறகு, அவர்களை ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்கிறோம். அட்டையில் தம் பெயரும் இருக்கிறது, தம் வைத்தியத்தால் தறி அடமானம் போகாது என்று அவர்கள் அறிந்தால், ஆறு மாதம் முன்னதாகவே வாய் திறப்பார்கள். காப்பீட்டின் முதற்பயன் பில்லைக் கட்டுவதன்று. அச்சமின்றி டாக்டரிடம் செல்லும் துணிவைத் தருவதேயாகும்.

படிப்பு வட்டத்தில் விவாதிக்க

1. நம் சங்கத்தில் அரசுக் காப்பீட்டு அட்டை இல்லாத குடும்பங்கள் எத்தனை? அடுத்த பொதுக்குழுவுக்குள் அவர்கள் அனைவரையும் பதிவு செய்ய யார் பொறுப்பேற்பது?

2. மேற்கண்ட கணக்கில் அங்கத்தினர் 4,000 ரூபாய் அறையில் தங்கியிருந்தால் அவருடைய கைப்பொறுப்பு எவ்வளவு?

3. சென்ற ஆண்டு தவணை தவறிய கடன்களில் வைத்தியச் செலவால் தவறியவை எவை? அவ்வீடுகளுக்கு முன்கூட்டியே நாம் என்ன செய்திருக்கலாம்?

4. அவசர வைத்தியக் கடனுக்கு நம் துணைவிதிகள் இடம் தருகின்றனவா? இல்லையெனில் எத்தகைய திருத்தம் வேண்டும்?